தூணுக்குள் நீலப்பச்சை

கேள்வி: கடற்கரைக்கு அருகில் வீடு கட்டி வருகிறோம். ஸ்லாக் சிமென்ட்டில் போட்ட தூணின் பலகையைப் பிரித்தபோது ஒரு முனை பெயர்ந்துவிட்டது. உட்புறம் நீலப்பச்சையாக இருக்கிறது. இது கலப்படமா? இந்தச் சிமென்ட்டுக்கு வலு போதாது என்கிறார் கொத்தனார்.
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: நிறத்தைப் பார்த்துக் கலப்படம் என்று அஞ்ச வேண்டாம். ஸ்லாக் என்பது இரும்பு உருக்கும் ஊது உலையில், தாதுவின் மாசுகளும் சுண்ணாம்புக் கல்லும் சேர்ந்து உருகி மேலே மிதக்கும் கசடு. அதில் சிறிதளவு கந்தகம் சல்ஃபைடாகத் தங்கியிருக்கும். அதிலிருந்து உண்டாகும் சேர்மங்களே அந்த நிறத்தைத் தருகின்றன. காற்றுப் பட்டால் அவை ஆக்சிஜனேற்றம் அடைந்து, நிறம் நாளடைவில் வெளிறிவிடும்.

கொத்தனார் சொல்வதில் பாதி உண்மை. உருகிய கசட்டைத் தண்ணீர் பாய்ச்சிச் சட்டென்று குளிர்வித்தால், படிகமாவதற்கு அவகாசமின்றி அது கண்ணாடித்தன்மையுள்ள குருணையாகிறது. மெதுவாக ஆறவிட்ட கசடு ஜல்லிக்குத்தான் உதவும். அந்தக் குருணையை அரைத்து வெறும் தண்ணீரில் குழைத்தாலும் எளிதில் இறுகாது, காரம் அதைத் தூண்ட வேண்டும். உடன் இருக்கும் போர்ட்லேண்ட் சிமென்ட் (சாதாரண சிமென்ட்) நீரோடு வினைபுரிந்து கால்சியம் ஹைட்ராக்சைடு என்ற காரத்தை வெளிவிட்ட பிறகே கசடு முழு வேகத்தில் வேலையைத் தொடங்குவதால், முதல் வாரத்தில் வலு குறைவாகத்தான் இருக்கும். ஆனால் 28 நாளைக்குப் பிறகும் அது கூடிக்கொண்டே போகும். ஸ்லாக் சிமென்ட்டுக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 455-இன்படி 25 முதல் 70 சதவீதம் வரை கசடு சேர்க்கலாம். தொடக்கத்தில் வலு குறைவு என்பதால், சாதாரண சிமென்ட்டுக்குப் பிரிக்கும் நாளிலேயே பலகையைப் பிரிப்பது சரியன்று. உங்கள் தூணின் முனை அந்த அவசரத்தால் பெயர்ந்திருக்கக்கூடும். பூசி மறைக்குமுன் பொறியாளரிடம் காட்டிவிடுங்கள்.

உப்புக்காற்று வீசும் இடத்துக்கு இந்தச் சிமென்ட் மிகப் பொருத்தமானது என்பதே என் கருத்து. கசட்டிலுள்ள அலுமினா, உப்போடு உள்ளே நுழையும் குளோரைடில் ஒரு பகுதியைப் பிணைத்து வைக்கிறது. பின்னர் உருவாகும் கால்சியம் சிலிகேட் கூழ் நுண்துளைகளைக் குறுக்கிவிடுவதால், எஞ்சிய உப்பும் கம்பியை எட்ட நெடுங்காலம் ஆகும். இவ்வளவும் நீராற்றுதலை, அதாவது கான்கிரீட்டை ஈரமாகவே வைத்திருப்பதை, பொறுத்தது. பாதியிலேயே காய்ந்துவிட்டால் கசடு வினைபுரியாமல் தங்கி, மேற்பரப்பு துளை மிகுந்ததாகிவிடும். கசடு மிகுந்த கான்கிரீட்டில் இருப்புச் சுண்ணாம்பும் குறைவு என்பதால், காற்றிலுள்ள கரியமில வாயு புகுந்து கம்பியைத் துருவிலிருந்து காக்கும் காரத்தன்மையை விரைவில் குறைத்துவிடும், கம்பியும் துருப்பிடிக்கத் தொடங்கும். இதுபோன்ற கலப்புச் சிமென்ட்டுக்குக் குறைந்தது 10 நாள் நீராற்ற வேண்டும் என்றும், 14 நாள் வரை நீட்டிப்பது நல்லது என்றும் கான்கிரீட்டுக்கான தரமான ஐ.எஸ். 456 சொல்கிறது. தூணுக்கு ஈரச் சாக்கைச் சுற்றி, 14 நாளும் அது காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.