எடையா, ரெப்ஸா? நான் கணக்கைத் தப்பாகப் போட்ட கதை

ஜிம்மில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது, பெஞ்ச் பிரஸில் (பெஞ்சில் படுத்து, எடை மாட்டிய கம்பியான பாரை நெஞ்சிலிருந்து மேலே தள்ளுவது) வாரம் 5 கிலோ கூட்டலாமா, இல்லை ரெப்ஸை, அதாவது தூக்கும் தடவைகளைக் கூட்டுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். பக்கத்து பெஞ்சில் ஒருவர் உங்களைவிட 20 கிலோ அதிகம் தூக்குகிறார், அதுதானே? எனக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது.

முதலில் ரெப்ஸ், அப்புறம் எடை. இது தெரிந்தும் நான் மாட்டிக்கொண்டேன். கூட வந்த நண்பர் தலைமாட்டில் நின்று பாருக்குக் கைகொடுப்பார். "நீயேதான் தூக்குற, நான் சும்மா தொட்டுட்டு இருக்கேன்" என்பார். நானும் நம்பி, பத்து ரெப் என்று நோட்டில் எழுதி, அடுத்த வாரம் 5 கிலோ ஏற்றுவேன். அந்தப் பத்தில் மூன்று அவருடையது. 60 கிலோவில் ஒருநாள் பாரை இறக்கும்போது வலது தோளின் முன்பக்கம் சுருக்கென்றது. அன்றைக்கும் செட்டை (நிறுத்தாமல் செய்யும் ஒரு சுற்று ரெப்ஸ்) முடித்துவிட்டுத்தான் எழுந்தேன், அதுதான் பெரிய முட்டாள்தனம். மூன்று மாதம் சட்டை போடவே சிரமப்பட்டேன். திரும்பி வந்தபோது வெறும் 20 கிலோ பார்.

ஆரம்ப வாரங்களில் பலம் ஏறுவது பெரும்பாலும் நரம்புகள் வேலையைக் கற்றுக்கொள்வதால்தான். தசையும் ஓரளவு சீக்கிரம் தேறும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்களுக்குத்தான் அதிக நாள் வேண்டும். "தூக்க முடிகிறதே" என்பதை மட்டும் நம்பினால் என் கதைதான்.

இப்போது மூன்று செட், எட்டிலிருந்து பன்னிரண்டு ரெப். மூன்றிலும், யார் கையும் படாமல், பன்னிரண்டு வந்தால் மட்டும் 2.5 கிலோ ஏற்றுவேன். ரெப்ஸ் மறுபடி எட்டு, ஒன்பதுக்கு இறங்கும். இறங்கட்டும். மறுநாள் தசை முழுக்க வலித்து இரண்டு மூன்று நாளில் போனால் கவலை இல்லை. மூட்டில் ஒரே இடத்தில், தூக்கும்போதே குத்தினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். விடாமல் குத்தினால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

"நான் வாரம் 5 கிலோ ஏற்றினேன், ஒன்றும் ஆகவில்லை" என்று சண்டைக்கு வருபவர்களுக்கு: ஸ்குவாட்டிலும் (தோளில் எடையோடு உட்கார்ந்து எழுவது) டெட்லிஃப்டிலும் (தரையிலிருந்து பாரைத் தூக்கி நிற்பது) ஆரம்பத்தில் அது நடக்கும், மறுக்கவில்லை. பெஞ்ச் பிரஸில் அந்த ஓட்டம் சீக்கிரம் நின்றுவிடும். டம்பெல் இன்னும் மோசம். 10 கிலோவிலிருந்து 12.5க்குப் போனாலே 25 சதவீதம் கூடிவிடுகிறது, அதனால் அங்கே பதினைந்து ரெப் வரும்வரை நான் எடையைத் தொடுவதில்லை.

2.5 கிலோ ஏற்ற, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு 1.25 பிளேட் வேண்டும். எங்கள் ஜிம்மில் அது ரேக்கில் இருந்ததே கிடையாது. பெஞ்சுக்கு அடியில் கிடக்கும், லெக் பிரஸில் தொங்கும். நூறு கிலோ தூக்கும் ஆட்களுக்கு ஒன்றேகால் கிலோவை எடுத்த இடத்தில் வைக்கக் கை வலிக்கிறது. கடைசியில் சொந்தமாக இரண்டு வாங்கிப் பையில் வைத்திருக்கிறேன். கேட்டால் தருவேன், செட் முடிந்ததும் என் கையில் வந்துவிட வேண்டும்.