பதினாலு வயசுக்கு கோல்ட் ஃபேஷியலா?

மதுரையில் 27 வருடமாகப் பெண்களுக்கான பார்லர் நடத்திவரும் அழகுக்கலை நிபுணர், வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. நெற்றியிலும் கன்னத்திலும் ஒரே பரு. தை மாதம் என் தங்கைக்குக் கல்யாணம். இப்போதிருந்தே கோல்ட் ஃபேஷியல் ஆறு சிட்டிங் போட்டால் முகம் பளிச்சென்று ஆகிவிடும் என்கிறார்கள் பக்கத்து பார்லரில். மகளுக்கும் ஆசை. மாமியாரோ, "கல்யாணம் ஆகாத பொம்பளப் பிள்ளைக்கு பார்லர் எதுக்கு?" என்று சத்தம் போடுகிறார். யார் பேச்சைக் கேட்பது?
– ஓர் அம்மா, விருதுநகர்

பதில்: இந்த ஒரு தடவை மாமியார் பேச்சைக் கேட்டுவிடுங்கள். அவர் சொல்லும் காரணம் எனக்கு ஒப்பவில்லை. முடிவு சரிதான்.

பார்லர்காரியே இப்படிச் சொல்கிறாளே என்று தோன்றும். நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது. பார்லர் திறந்த இரண்டாவது வருடம், பிளஸ் ஒன் படிக்கிற பெண்ணை அவள் அம்மா கூட்டி வந்தார். அக்கா கல்யாணத்துக்கு நாலே நாள். கன்னத்தில் ஏழெட்டுப் பரு, அதில் இரண்டு சீழ் கோத்திருந்தன. அப்போதே திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். நான் ஃபேஷியலோடு ப்ளீச்சும் போட்டேன். "எரியுதுக்கா" என்றாள். "கொஞ்சம் எரியத்தான் செய்யும், பொறுத்துக்கோ" என்றேன். மணப்பெண்ணுக்கு அலங்காரம் செய்ததும் நான்தான் என்பதால் முகூர்த்தத்தன்று அவளைப் பார்க்கிற மாதிரி ஆகிவிட்டது. கன்னம் முழுக்கச் செக்கச்செவேலென்று பொரிந்து கிடந்தது. போட்டோ எடுக்கக் கூப்பிட்டபோது பெரியம்மா முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். சிவப்பு பத்து நாளில் அடங்கிவிட்டது. கறுப்புத் தழும்பு போக ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அன்றோடு 18 வயதுக்குக் கீழே ஃபேஷியல், ப்ளீச் இரண்டையும் நிறுத்திவிட்டேன்.

ஃபேஷியலில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஸ்க்ரப் தேய்ப்போம், ஸ்டீம் கொடுப்போம், ஊசி மாதிரி ஒரு கருவியால் ப்ளாக்ஹெட் எடுப்போம், க்ரீம் போட்டுக் கால் மணி நேரம் மசாஜ், கடைசியில் பேக். வறண்டு களையிழந்து போன முப்பது, நாற்பது வயதுத் தோலுக்கு இது சுகம். உங்கள் மகள் முகத்தில் பிரச்சினையே எண்ணெய் கூடிப்போனதுதான். வயதுக்கு வரும் காலத்து ஹார்மோன்களால் எண்ணெய்ச் சுரப்பிகள் பெருத்து, துவாரம் அடைத்து, உள்ளே கிருமி பெருகிப் பரு வருகிறது. அழுக்கால் வருவதில்லை. அதன் மேல் க்ரீமை வைத்துத் தேய்த்தால் அடைப்பு கூடும். ஸ்க்ரப் பருவைக் கீறிவிடும். கருவியைச் சரியாகச் சுத்தம் செய்யவில்லை என்றால் அடுத்தவர் முகத்துக் கிருமியும் சேர்ந்து வரும். நம் மாநிறத் தோலில் எந்தக் காயமும் கறுப்பு வைத்துவிட்டுத்தான் போகும். கோல்டோ, டைமண்டோ, ஃப்ரூட்டோ, செய்முறை ஏறக்குறைய ஒன்றுதான், விலைதான் வேறு.

சரி, என்ன செய்யலாம்? காலையும் மாலையும் மென்மையான ஃபேஸ் வாஷ். பிறகு எண்ணெய் இல்லாத மாய்ஸ்சரைசர், வெளியே போனால் சன்ஸ்கிரீன். எலுமிச்சைச் சாறு, சமையல் சோடா, பருவின் மேல் டூத்பேஸ்ட், இதெல்லாம் வேண்டவே வேண்டாம். பாட்டி பாசிப்பயறு மாவு கொடுத்தால் மெதுவாகப் பூசிக் கழுவட்டும், தேய்க்க வேண்டாம்.

இன்னொன்று கேட்கிறேன். ராத்திரி தலை நிறைய எண்ணெய் வைத்துக்கொண்டு படுக்கிற பழக்கம் உண்டா? நெற்றிப் பருவென்று வருகிற பிள்ளைகளிடம் நான் முதலில் பார்ப்பது முடி ஓரத்தைத்தான். எண்ணெய் வழிந்து பளபளவென்று இருக்கும். எண்ணெயைக் குளிப்பதற்கு முன் வைத்து அலசிவிடச் சொல்லுங்கள். தலையணை உறையை வாரம் இரண்டு தடவை மாற்றுங்கள்.

பரு வலித்தாலோ, உருண்டையாகக் கட்டினாலோ, பள்ளம் விழுந்தாலோ தோல் டாக்டரிடம் போங்கள். உங்கள் ஊரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. மாதவிலக்கு ஒழுங்காக வருவதில்லை, தாடையில் முடி வளர்கிறது என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். டாக்டர் பெரும்பாலும் பென்சாயில் பெராக்சைடு, அடாபலீன் மாதிரி ஒரு ஜெல் எழுதித் தருவார். பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும், முதல் சில வாரம் தோல் உரிந்து பரு கூடினாற்போலவும் இருக்கும். அதனால் தீபாவளிக்கு முன்பே ஆரம்பித்தால்தான் தைக் கல்யாணத்துக்கு முகம் தெளியும்.

அவளுக்கு பார்லர் ஆசை என்றீர்களே, அதைக் கெடுக்க வேண்டாம். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் கூட்டிப் போய் முடி ட்ரிம் செய்து, பெடிக்யூர் செய்து, கைக்கு மெஹந்தி வைத்துவிடுங்கள். என் கடையில் பெடிக்யூர் தொட்டியில் காலை விட்டுக்கொண்டு மகாராணி மாதிரி உட்கார்ந்திருக்கும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் உண்டு. மாமியாரையும் சேர்த்துக் கூட்டிப் போங்கள். பித்தவெடிப்புக்கு நல்லது.

கேள்வி: அக்கா, எனக்கு 16. கிரிக்கெட் ஆடி முகமும் கழுத்தும் கறுத்துப் போச்சு. டி-டான் பண்ணலாமா?
– காரைக்குடி பையன்

பதில்: தேவையில்லை தம்பி. வெயிலிலிருந்து காப்பாற்ற உன் தோல் தானே போட்டுக்கொண்ட குடை அது. வெயில் குறைந்தால் சில வாரங்களில் தானாக மங்கும். சில டி-டான் பேக்கில் ப்ளீச் சரக்கே இருக்கும். போட்டுவிட்டு மறுநாள் கிரவுண்டில் நின்றால் எரியும். எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்கிரீனை இறங்குவதற்குக் கால் மணி முன்னால் கழுத்து, காது மடல் வரை தாராளமாகப் பூசு. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மறுபடி. சுற்றிலும் விளிம்பு வைத்த தொப்பி போடு.

கேள்வி: எனக்கு 15 வயது. தோழி சொன்னாள் என்று மெடிக்கலில் ஒரு க்ரீம் வாங்கி மூன்று மாதம் போட்டேன். முதல் வாரமே கலர் வந்தது. இப்போது நிறுத்தி இரண்டு வாரம் ஆகிறது. முகம் சிவந்து எரிகிறது, வெயிலில் நிற்க முடியவில்லை. ஃபேஷியல் செய்தால் சரியாகுமா?
– பெயர் வேண்டாம், தேனி

பதில்: ஆகாது கண்ணு. எந்த பார்லரிலும் இப்போது முகத்தைக் கொடுக்காதே.

ட்யூபில் பொடி எழுத்தில் இருப்பதைப் படி. பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. தோல் நோய்க்கு டாக்டர் கணக்குப் பார்த்துக் கொடுக்கிற மருந்து அது, கலர் க்ரீம் இல்லை. இந்த மாதிரி க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு உத்தரவு போட்டது. இருந்தும் உன் கைக்கு வந்துவிட்டது, பார். நாள்கணக்கில் முகத்தில் போட்டால் தோல் மெலிந்து அதற்குப் பழகிவிடும். நிறுத்தினால் சிவக்கும், எரியும், பொடிப்பொடியாகப் பரு வரும். பயந்து மறுபடி போட்டால் இரண்டு நாள் அடங்கினாற்போல் இருக்கும். அப்படித்தான் விடமுடியாமல் போகிறது.

இந்த வாரமே அம்மாவிடம் சொல். திட்டுவார்கள், பரவாயில்லை. தோல் டாக்டரிடம் போ, அவர் படிப்படியாகச் சரிசெய்வார். மாதக்கணக்கில் ஆகலாம், ஆனால் ஆறும். அதுவரை வெறும் தண்ணீரால் கழுவு, வெயிலில் குடை பிடி. அந்த ட்யூபைத் தூக்கிப் போட்டுவிடாதே, டாக்டரிடம் காட்ட வேண்டும்.