மொரீஷியஸில் கடற்கரையிலிருந்து 300 மீட்டரில் உள்ள, முன்பு காடாக இருந்த கரும்புத் தோட்ட மண்ணில் கார்பன்-13 மதிப்பு −9 வருவது ஏன்?

கார்பன்-13 மதிப்பு என்பது கனமான கார்பனின் விகிதம் ஒரு தரநிலையிலிருந்து ஆயிரத்துக்கு எவ்வளவு (பெர் மில்) விலகுகிறது என்பது. −9 கரும்பிலிருந்து வந்திருக்க முடியாது. கரும்பு −12 பெர் மில்லை ஒட்டி நிற்கும், பழைய காட்டு மரங்கள் −27-ஐ ஒட்டி. இரண்டையும் எப்படிக் கலந்தாலும் −12-ஐத் தாண்டி 0 பக்கம் போகாது. வேறொரு கார்பன் உள்ளே இருக்கிறது.

கடற்கரையிலிருந்து 300 மீட்டரில் நிலம் என்கிறீர்கள். அப்படியென்றால் பெரும்பாலும் பவளமணல், அதாவது சுண்ணாம்புத் துகள்கள். அதன் மதிப்பு 0-க்கு அருகில். மொத்தக் கார்பனில் மூன்றில் ஒரு பங்கு அதுவானால், −14 உள்ள மண்கூட −9 என்று காட்டும்.

முதலில் உலர்ந்த மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்து 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இரண்டு சொட்டு விடுங்கள். கைலென்ஸில் பாருங்கள்: வெள்ளைத் துகள்களைச் சுற்றி நுரை கிளம்பினால் சந்தேகமே வேண்டாம்.

நுரைத்தால், அளக்கும் முன் அந்தச் சுண்ணாம்பை அமிலப் புகையால் நீக்குங்கள்:

1. அரைத்த மண்ணை வெள்ளிக் கேப்சூலில் எடைபோட்டு, ஒரு சொட்டு நீரால் நனையுங்கள். காய்ந்த மண்ணில் அமிலப் புகை சரியாக வேலை செய்யாது. பலர் தவறுவது இங்கேதான்.
2. அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலக் கோப்பையுடன் டெசிக்கேட்டரில் (இறுக மூடும் கண்ணாடிப் பாத்திரம்) 6 முதல் 8 மணி நேரம், புகைக்கூண்டுக்குள் (புகையை வெளியேற்றும் ஆய்வகப் பெட்டி) வையுங்கள்.
3. 60 டிகிரியில் உலர்த்தி, வெள்ளிக் கேப்சூலை அப்படியே வெள்ளீயக் கேப்சூலில் பொதிந்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். தொடக்கத்திலேயே வெள்ளீயம் வைத்தால் அமிலம் அரித்துவிடும்.

நைட்ரஜனை மட்டும் அமிலம் படாத மண்ணில் அளக்கவும். அமிலத்தில் ஊறவைத்துக் கழுவும் குறுக்குவழி வேண்டாம். கரையும் கரிமக் கார்பனும் நீரோடு போய்விடும்.

நுரை வராவிட்டாலும் ஒரு மாதிரியைப் புகையிட்டுப் பாருங்கள். நுண்ணிய சுண்ணாம்பு கொஞ்சமாக இருந்தால் கண்ணுக்குத் தெரியாது.