கேளுங்கள், சொல்கிறேன்: பூட்டு இல்லாத சூளை

(ஓய்வுபெற்ற வருவாய்க் கோட்டாட்சியர் ஒருவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.)

கேள்வி: எங்கள் ஊர்ச் செங்கல் சூளையில் வேலை செய்கிறவர்கள் முன்பணம் வாங்கிக்கொண்டு, சம்மதித்துத்தான் வந்திருக்கிறார்கள். அங்கே காவலும் இல்லை, பூட்டும் இல்லை. வாங்கிய கடனுக்கு உழைப்பதைக் கொத்தடிமைத்தனம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், உத்திரமேரூர்

பதில்: ஐயா, நான் விசாரித்த சூளை ஒன்றும் இப்படித்தான், பூட்டு இல்லை, சொல்லப்போனால் கதவே இல்லை. ஐந்து நிமிடம் நடந்தால் பஸ் நிறுத்தம். "யாரையாவது கட்டிப்போட்டா வைத்திருக்கிறேன் சார்?" என்று கேட்ட சூளைக்காரர், தன் நேர்மைக்குச் சாட்சியாக ஒரு கணக்கு நோட்டை நீட்டினார். அவருக்கு வினையானதே அந்த நோட்டுதான்.

ஓர் இருளர் குடும்பத்தின் பக்கம். தையில் முன்பணம் 20,000 ரூபாய். பிறகு வாராவாரம் செலவுக்காசு, பிள்ளைக்குக் காய்ச்சல் பார்த்த செலவு, அரிசி. ஆனியில் கணக்குப் பார்த்தால் பாக்கி 26,500. கணவனும் மனைவியும் இரவு இரண்டு மணிக்கே எழுந்து மண் மிதித்துக் கல் அறுத்த ஆறு மாதத்தில் கடன் வளர்ந்திருக்கிறது! நடுவில் ஒரு வரி: 'மழையில் கரைந்த கல் - 3,000.' பெய்தது வானம், பற்று எழுதியது இவர்கள் பெயரில்.

"உங்கள் அண்ணன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனீர்களா அம்மா?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன். "அவர் போனார் சார். நானும் பிள்ளைகளும் இங்கே இருந்தோம்" என்றார். ஏன் என்று கேட்டதற்கு வாய் திறக்கவில்லை. மேசைமேல் இருந்த நோட்டைப் பார்த்தார்.

1976ஆம் ஆண்டுக் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் சங்கிலியைத் தேடச் சொல்லவில்லை. முன்பணத்தைக் காரணம் காட்டிக் கூலியை மறுத்தாலும், பெயருக்குக் கொஞ்சம் கொடுத்தாலும், வேறு வேலைக்குப் போகவிடாவிட்டாலும், ஊர்விட்டு ஊர் போவதைத் தடுத்தாலும் போதும். இவற்றில் ஒன்றே போதும். சம்மதம் என்கிறீர்கள். ஆள்கடத்தல் வழக்கில் பாதிக்கப்பட்டவரின் சம்மதம் பொருட்டே இல்லை என்கிறது புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆம் பிரிவு. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவதே கட்டாய உழைப்புதான், அது அரசியல் சாசனத்தின் 23ஆம் பிரிவுக்கு விரோதம் என்று 1982இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

இன்னொன்றையும் கேளுங்கள். ஒரு தொழிலாளி தான் வாங்கியிருப்பது கொத்தடிமைக் கடன் என்று சொன்னால், அது அப்படியில்லை என்று நிரூபிக்கவேண்டியவர் கடன் கொடுத்தவர். அந்த 26,500 ரூபாயும் சட்டப்படி செத்த கடன். சூளைக்காரருக்கு இதைச் சொன்னபோது அவர் முகம் போன போக்கு இன்னும் நினைவிருக்கிறது.

கேள்வி: அடிமைமுறை 19ஆம் நூற்றாண்டோடு முடிந்தது என்று பாடப்புத்தகத்தில் படித்தேன். இப்போதும் உண்டா?
- கல்லூரி மாணவி, வந்தவாசி

பதில்: 1843இல் இந்தியாவில் அடிமைமுறைக்கு எதிரான சட்டம் வந்தது உண்மைதான். அடிமைமுறை முடிந்தது என்று சட்டம் சொன்னது, அவ்வளவுதான். 2021 நிலவரப்படி உலகில் 4.96 கோடிப் பேர் நவீன அடிமைத்தனத்தில் இருப்பதாகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் கூட்டாளி அமைப்புகளும் மதிப்பிட்டன, அதில் 2.76 கோடிப் பேர் கட்டாய உழைப்பில். எண்ணிக்கை பெரிதாக இருந்தால் தூரத்தில் இருப்பதுபோல் தோன்றும். ஒடிசாவின் பலாங்கீர் பக்கம் அறுவடைத் திருவிழா முடிந்ததும் முன்பணம் கொடுத்துக் குடும்பம் குடும்பமாக ரயிலேற்றிவிடுகிறார்கள். அவர்களில் பலர் இறங்குவது நம் திருவள்ளூர்ப் பக்கத்துச் சூளைகளில்தான். உன் வீட்டுச் சுவரிலும் அந்தக் கல் இருக்கலாம், மகளே.

கேள்வி: சந்தேகம் வந்தால் நாங்கள் என்ன செய்யவேண்டும்?
- சுய உதவிக்குழுப் பெண், செய்யாறு

பதில்: சூளைக்காரரிடம் போய்ச் சண்டை போடாதீர்கள், அன்றிரவே லாரியில் ஏற்றி வேறிடம் அனுப்பிவிடுவார்கள். மாவட்ட ஆட்சியருக்கோ கோட்டாட்சியருக்கோ எழுத்தில் கொடுங்கள். பிள்ளைகள் இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐக் கூப்பிடுங்கள்.

அதற்குப் பிறகுதான் முக்கியமான கட்டம். நான் பதவிக்கு வந்த புதிதில் ஒரு தவறு செய்தேன். மீட்ட குடும்பங்களை "முதலில் ஊருக்குப் போங்கள், விடுவிப்புச் சான்று பின்னால் வரும்" என்று பஸ் ஏற்றிவிட்டேன். கோப்பு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போவதற்குள் முன்பு அவர்களைச் சூளைக்குக் கூட்டிவந்த அதே மேஸ்திரி அவர்கள் வீட்டுவாசலில் நின்றிருக்கிறான். இரண்டு மாதத்தில் அவர்களை வேறொரு சூளையில் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்கள், குனியவேண்டியவன் நான்.

சான்று கையில் இருந்தால்தான் பழைய கடன் செத்தது என்று காட்டமுடியும். உடனடி உதவியாக இப்போது 30,000 ரூபாய் வரை கொடுக்கலாம். மறுவாழ்வுத் தொகை ஆண்களுக்கு ஒரு லட்சம், பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் இரண்டு லட்சம், மிகக் கொடுமையான நிலையில் மீட்கப்பட்டவர்களுக்கு மூன்று லட்சம். இந்தப் பெரிய தொகையைச் சூளைக்காரர் மீதான வழக்கின் முடிவோடு முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். அது எனக்கு உடன்பாடில்லை, பதவியில் இருந்தபோதும் சொன்னேன். ஆகவே உங்கள் குழுவிலிருந்து இரண்டு பேராவது விசாரணை நடக்கும் இடத்திலேயே உட்கார்ந்திருங்கள். ஒவ்வொருவர் பெயருக்கும் தனிச் சான்று, மனைவிக்கும் சேர்த்து. கையெழுத்தும் முத்திரையும் விழுந்தபிறகு பஸ் ஏற்றுங்கள்.