பழைய காருக்கு வீட்லயே பெயிண்ட்: எதை நீங்க செய்யலாம், எதை விட்றணும்

தம்பி ஒருத்தர் கேட்ருக்கார்: "அண்ணா, என்கிட்ட 18 வருஷப் பழைய சிவப்பு கார் இருக்கு. ரூஃபும் பானட்டும் வெளிறிப்போய், தடவினா பவுடர் மாதிரி கையில ஒட்டுது. டிரைவர் பக்கக் கதவுக்குக் கீழ துரு கொப்புளம் கொப்புளமா கிளம்பிருக்கு. ஃபுல் பெயிண்ட்டுக்குக் கேக்குற காசு காரை வித்தா வர்ற காசுக்குப் பக்கத்துல நிக்குது. வீட்ல சின்ன கம்ப்ரஸர் இருக்கு, நானே அடிச்சிரட்டுமா?"

தம்பி, பெயிண்ட்டை இப்பவே வாங்கிடாதீங்க. நீங்க சொல்றதை வச்சுப் பார்த்தா உங்க ரூஃபுக்குப் பெயிண்ட்டே தேவைப்படாம போகலாம். பானட் ஓரத்துல உள்ளங்கை அளவு இடத்தை நல்லா கழுவி, வெள்ளைத் துணியில கொஞ்சம் ரப்பிங் கம்பவுண்ட் (பெயிண்ட்டோட மேல் பரப்பை லேசா தேய்ச்செடுக்குற பசை) எடுத்துத் தேய்ச்சுப் பாருங்க. துணி சிவப்பாச்சுன்னா அது கிளியர் கோட் (கலருக்கு மேல அடிக்கிற நிறமில்லாத பளபளப்புப் படலம்) இல்லாத பழைய சிங்கிள் ஸ்டேஜ் பெயிண்ட், வெயில்ல மேல் பரப்பு மட்டும் செத்துப்போய் பவுடரா நிக்குது, அடியில நல்ல சிவப்பு இன்னும் இருக்கு. ஒரு நாள் உக்காந்து கம்பவுண்ட், அப்புறம் பாலிஷ், அப்புறம் வாக்ஸ் போட்டா நீங்களே நம்ப மாட்டீங்க. ஓரங்கள்லயும் மடிப்புலயும் மட்டும் கை மெதுவா இருக்கணும், அங்கதான் பெயிண்ட் மெல்லிசு, சட்டுனு கலருக்கு அடியில இருக்குற பிரைமர் தெரிஞ்சிரும். துணியில கலரே வராம, மேல தோல் உரியுற மாதிரி செதில் செதிலா வந்தா கதை வேற, அது கிளியர் கோட் போயிருச்சு. அதுக்கு கம்பவுண்ட் உதவாது, அது மேலயே புதுசா கிளியர் அடிச்சாலும் பழசோட விளிம்பு கோடு போட்ட மாதிரி தெரியும், கொஞ்ச நாள்ல அங்கருந்தே மறுபடி தூக்கும். முழுசா தேய்ச்சு எடுத்துட்டுத்தான் அடுத்த வேலை.

இப்ப கதவுக்கு வருவோம், உண்மையான வேலை அங்கதான் இருக்கு. கதவுக்குக் கீழ துரு வெளியிலருந்து வர்றது கம்மி. கண்ணாடி ஓரமா உள்ள இறங்குற தண்ணி கதவோட அடியில இருக்குற சின்ன ஓட்டைங்க வழியா வெளிய போகணும், அந்த ஓட்டையில மண்ணும் இலையும் அடைச்சுக்கிட்டா தண்ணி உள்ளயே தேங்கி இரும்பை உள்ளருந்து தின்னும், வெளிய கொப்புளம் தெரியும்போது பாதி தின்னு முடிச்சிருக்கும். அதனால முதல்ல ஸ்க்ரூடிரைவர் முனையால கொப்புளத்தை அழுத்திக் குத்திப் பாருங்க. உள்ள இறங்கிச்சுன்னா அங்க தகடு வெட்டி வெல்டிங் வைக்கணும், வேற வழி இல்ல, ஓட்டை மேல பட்டி போட்டு மூடுறவங்களைப் பார்த்தா எனக்குக் கோவமே வரும், ஒரு மழைக்காலம் தாங்காது. குத்தியும் கெட்டியா இருந்தா 80 நம்பர் உப்புத்தாள்ல தேய்ச்சு பளபளன்னு இரும்பு தெரியுற வரைக்கும் போங்க. கொப்புளம் இருந்த இடத்தை மட்டும் தேய்ச்சா பத்தாது, சுத்தி நல்லா இருக்குற பெயிண்ட்டுக்கு அடியிலயும் துரு ஊர்ந்து போயிருக்கும், அது நிக்கிற இடம் வரைக்கும் திறக்கணும். குழிக்குள்ள கருப்பு கருப்பா மிச்சம் இருந்தா துருவை அடக்குற ரஸ்ட் கன்வெர்ட்டர் தடவி, காஞ்சதும் இரும்புல ஈரம் படாம மூடுற எபாக்சி பிரைமர். சின்ன இடம்தானே, பிரஷ்ஷாலயே தடவலாம், கையில கிளவுஸ் கட்டாயம்.

பட்டி அதுக்கப்புறம்தான். நல்லா காஞ்ச எபாக்சியை லேசா சொரசொரப்பாக்கிட்டு மெல்லிசா போடுங்க, தேய்ச்சு முடிச்சப்புறம் 3 மில்லிமீட்டருக்கு மேல நிக்கக்கூடாது. பட்டியை இறுக வைக்கிற ஹார்ட்னர் 100 கிராம் பட்டிக்கு 2 கிராம் சுமாருக்கு. சீக்கிரம் காயட்டும்னு அதிகமா கலந்தா பின்னாடி மேல் பெயிண்ட்ல கறை கிளம்பும். பட்டி தண்ணியை உறிஞ்சும், அதனால அதை எப்பவும் உலர்வாவே தேய்க்கணும், வாட்டர் பேப்பர் பக்கமே போகாதீங்க. 80, 180, 320னு நம்பர் ஏத்திக்கிட்டே போங்க, வெறும் விரலால தேய்க்காதீங்க, விரல் அழுத்துற இடமெல்லாம் பள்ளமாகும், பிளாக்ல, அதாவது சமமான கட்டையில, தாளைச் சுத்திக்கணும்.

சமமா வந்துச்சான்னு கண்ணு சொல்லாது, கைதான் சொல்லும். மெல்லிசு துணியை விரிச்சு அது மேல உள்ளங்கையை வச்சு, கண்ணை மூடிக்கிட்டு, நல்ல பெயிண்ட்லருந்து பட்டியைத் தாண்டி மறுபக்கம் வரைக்கும் மெதுவா இழுங்க. எங்கயாவது விளிம்பு தட்டுதுன்னா பெயிண்ட் அடிச்சப்புறம் அது பத்து மடங்கு தெரியும். பட்டிக்கு மேல சர்ஃபேசர் (கலருக்கு முன்னாடி தேய்ச்சு சமமாக்குற பிரைமர், ஹார்ட்னர் கலக்காத ரகம்) அடிச்சதும் அது மேல கருப்பு ஸ்ப்ரே கேன்ல தூரத்துலருந்து லேசா தூவிட்டு 400ல பிளாக் போடுங்க, பள்ளத்துல கருப்பு அப்படியே நிக்கும், மேட்டுல உடனே போயிரும். இந்த ஒரு பழக்கம் எனக்கு வர ரெண்டு வருஷம் ஆச்சு.

இன்னொண்ணு, உப்புத்தாள் தொடுறதுக்கு முன்னாடியே கிரீஸ் ரிமூவர் போட்டுத் துடைக்கணும், ஒரு துணி நனைச்சு, அது காயுறதுக்குள்ள இன்னொரு சுத்தமான துணியால எடுக்கணும். ஆரம்பத்துல நான் ஒரு வண்டியோட கதவை அப்படியே தேய்ச்சு அடிச்சேன், பெயிண்ட் விழுந்த அடுத்த நிமிஷம் மீன் கண்ணு மாதிரி வட்டம் வட்டமா விலகி நின்னுச்சு. டயருக்கும் டேஷ்போர்டுக்கும் போடுற சிலிகான் பாலிஷ் எப்பவோ மேல பட்ருக்கு, நான் அதைத் தேய்ச்சு கீறலுக்குள்ள ஏத்தி விட்ருக்கேன். முழுக் கதவும் திரும்ப முதல்லருந்து.

கலர் யார் அடிக்கிறதுங்கிறதுல என் கருத்து தெளிவு. ஷாப்ல கேக்குற காசுல பெரும்பங்கு பெயிண்ட்டுக்கு இல்ல, இப்ப மேல சொன்ன கழட்டுறது, தேய்க்கிறது, பட்டி, பிளாக், இந்த நாள் கணக்கான உழைப்புக்குத்தான். அது முழுக்க உங்க கையால முடியும். கலரும் கிளியரும் மட்டும் அவங்ககிட்ட விடுங்க. முன்னாடியே அந்தப் பெயிண்ட்டரைப் பார்த்து எந்த பிரைமர் வேணும், எந்த நம்பர் வரைக்கும் தேய்க்கணும்னு கேட்டுக்கிட்டு அதே மாதிரி பண்ணுங்க, இல்லன்னா "உங்க பிரைமர் மேல நான் அடிச்சா கேரண்டி இல்ல"ம்பார், அதுல நியாயமும் இருக்கு.

ஏன் வீட்ல அடிக்க வேணாங்கிறேன்னா, ஹார்ட்னர் கலக்குற டூ கே பெயிண்ட், கிளியர் எல்லாத்துலயும் பெரும்பாலும் ஐசோசயனேட் இருக்கு. அடிக்கும்போது கிளம்புற அந்தப் புகைமூட்டம் நுரையீரல்ல ஆஸ்துமாவை உண்டாக்கும், ஒருதடவை உடம்பு அதுக்கு ஒவ்வாம ஆயிருச்சுன்னா அப்புறம் கொஞ்சம் பட்டாலே மூச்சு அடைக்கும். துணி மாஸ்க்கால ஒண்ணும் ஆகாது, வெளியிலருந்து சுத்தமான காத்து வர்ற மாஸ்க் வேணும். என்கூட வேலை பார்த்த நல்ல கைக்காரர் ஒருத்தர் இதனாலயே தொழிலை விட்டார், அதனால இதை நான் லேசா சொல்லல. உங்க சின்ன கம்ப்ரஸரும் ஒரு கதவு முழுக்க அழுத்தம் இறங்காம காத்து குடுக்காது, பாதியில துப்ப ஆரம்பிக்கும், ஆரஞ்சுத் தோல் மாதிரி மேடு பள்ளமா நிக்கும்.

அதுக்கும் வழியில்ல, கையிலதான் முடிக்கணும்னா எனாமலை மெல்லிசா தின்னர் கலந்து ஃபோம் ரோலர்ல அஞ்சாறு கோட் உருட்டுங்க, நடுநடுவுல நல்லா காய விட்டு வாட்டர் பேப்பர் போடுங்க, கடைசியா பாலிஷ். சாதா சிவப்புங்கிறதால உங்களுக்கு இது ஒத்துவரும், மெட்டாலிக்கா இருந்தா வேணாம்னு சொல்லிருப்பேன். ஒரு விஷயம், எனாமல் மேல பின்னாடி யாராவது வீரியமான தின்னர் கலந்த பெயிண்ட் அடிச்சா சுருங்கித் தூக்கிரும், அப்ப எல்லாத்தையும் தேய்ச்சு எடுக்கணும், அதைத் தெரிஞ்சே இறங்குங்க. ரோலரா இருந்தாலும் தின்னர் வாடை தரையோட தங்கும், கிட்ட அடுப்போ பொறியோ இருக்கக்கூடாது, கதவு ஜன்னல் திறந்திருக்கணும்.

வேலை வரிசையையும் சொல்லிர்றேன். முதல்ல வண்டி பூராவும் கம்பவுண்ட் போட்டு முடிங்க, அப்புறம்தான் கதவுக்குக் கலர் மேட்ச் பண்ணணும். வெளிறின பானட்டைப் பார்த்து மேட்ச் பண்ணினா கம்பவுண்ட் போட்டதும் கதவு மட்டும் தனியா தெரியும், வண்டியில கம்பெனி ஒட்டின ஸ்டிக்கர்ல இருக்குற பெயிண்ட் நம்பரை மட்டும் நம்பினாலும் 18 வருஷ வெயிலுக்கு அது ஒத்துவராது. புதுக் கலர் மேல ஒரு மாசத்துக்கு வாக்ஸ் வேணாம், வெறும் தண்ணியில கழுவுங்க போதும்.

கதவு வேலையெல்லாம் முடிஞ்சு பெயிண்ட் நல்லா காஞ்சதும் கண்ணாடி ஓரத்துல ஒரு டம்ளர் தண்ணி ஊத்துங்க, கொஞ்ச நேரத்துல அடியில சொட்டணும். சொட்டலன்னா நுனியில ரப்பர் சுத்தின கம்பியை விட்டு அந்த ஓட்டையை அன்னைக்கே திறந்து விட்ருங்க.