மேரி செய்த குற்றம் என்ன?

கேள்வி: துப்பறியும் ஷெர்லக் ஹோம்ஸும் அவன் தோழன் வாட்சனும் காதலர்கள் என்று வைத்து ரசிகர்களே எழுதும் ஃபேன்ஃபிக் கதைகளை விரும்பிப் படிப்பவள் நான். வாட்சனின் மனைவி மேரி வந்தாலே வஞ்சகி, இல்லாவிட்டால் பிணம். எழுதுகிறவர்களும் பெரும்பாலும் பெண்களே. ஏன் இப்படி என்று கேட்டால், 'ஆண்-ஆண் காதல் உனக்குப் பிடிக்கவில்லை' என்கிறார்கள். நான் கேட்டது தவறா?
(வாசகி, திருநெல்வேலி)

பதில்: தவறே இல்லை. இன்னும் உரக்கக் கேளுங்கள்.

இரண்டு ஆண்களின் காதலை எழுதுவதில் எனக்கு எந்த மறுப்பும் கிடையாது. 'ஸ்டார் ட்ரெக்' தொலைக்காட்சித் தொடரின் ரசிகைகள் 1974-லேயே அதன் நாயகர்களான கிர்க்-ஸ்பாக் காதலைத் தங்கள் சிற்றிதழில் அச்சேற்றிவிட்டார்கள். இரு பெயர்களுக்கும் நடுவே போட்ட சாய்கோடுதான் இவ்வகைக் கதைகளுக்கு 'ஸ்லாஷ்' என்ற பெயரையே தந்தது. தொலைக்காட்சி தராததைத் தாங்களே எழுதிக்கொண்ட துணிச்சல் அது. அந்த வழியில் வந்தவர்கள் ஒரு பெண்ணைக் கண்டதும் கை சுருங்கிப்போவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மேரி யார்? 1890-ல் வந்த 'தி சைன் ஆஃப் ஃபோர்' நாவலில் ஹோம்ஸிடம் வழக்கைக் கொண்டுவருகிறவளே அவள்தான். அப்பா அந்தமான் கைதிகள் குடியிருப்பில் காவல் படை அதிகாரியாக இருந்து, லண்டன் திரும்பியதும் காணாமல் போனவர். அதன்பின் ஆண்டுக்கு ஒன்றாக அவளுக்கு ஆறு முத்துகள் தபாலில் வருகின்றன. முத்துகளை மட்டுமா எடுத்து வருகிறாள்? அவை வந்த பெட்டிகளின் முகவரித் தாள்களையும், கையெழுத்தை ஒப்பிட உதவும் என்று, பத்திரமாகக் கொண்டுவருகிறாள். ஹோம்ஸே மெச்சுகிறான், துப்பறியும் தொழிலுக்கே உதவியிருப்பாள் என்று கடைசியில் சொல்கிறான். இப்படிப்பட்டவளின் சாவை 1903-ல் எழுதிய ஒரு கதையில், பெயர்கூடச் சொல்லாமல், வாட்சனுக்கு நேர்ந்த துக்கம் என்று ஒரே வரியில் கடந்துவிட்டார் ஹோம்ஸைப் படைத்த கானன் டாயில்.

அது டாயில் செய்த அநியாயம். மூலக்கதை விட்ட குறையை நிரப்பத்தானே ரசிகர்கள் பேனாவை எடுத்தார்கள்? ஹோம்ஸின் ஒரு பார்வைக்குப் பத்து அத்தியாயம் எழுதத் தெரிந்தவர்களுக்கு மேரியின் சாவுக்கு ஒரு பத்தி எழுதத் தோன்றவில்லை. பிபிசியின் 'ஷெர்லக்' தொடரில் வரும் மேரி ஷெர்லக்கைச் சுட்டாள். அவள்மேல் கோபம் வருவது நியாயம். டாயிலின் மேரி யாரைச் சுட்டாள்? கொல்ல மனம் வராத சிலர் அவளைத் தூது போகும் தோழியாக்குகிறார்கள். கணவனைச் சிரித்த முகத்தோடு அனுப்பிவைக்கிறாள். அவளுக்கு ஒரு சொட்டு வலி கிடையாது. இதுவும் அவளைக் கொல்வதுதான். மேரியை மனுஷியாக எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கதையில் வாட்சனின் காதல் ஒன்றும் குறைந்துபோகவில்லையே!

நம் குறுந்தொகையின் எட்டாம் பாட்டைப் பாருங்கள். பேசுகிறவள் மனைவி அல்ல, காதற்பரத்தை; தலைவன் மனைவிக்கு வெளியே உறவு வைத்திருக்கும் பெண். எங்கள் வீட்டில் பெரிதாகப் பேசினவன், தன் வீட்டில் மகனின் தாய்க்கு முன்னால் கண்ணாடியில் தெரியும் பாவைபோல, அவள் தூக்கத் தானும் கையும் காலும் தூக்கி ஆடுகிறான் என்கிறாள். குடும்பத்துக்கு வெளியே நின்ற பெண்ணுக்கும் இத்தனை கூர்மையான நாக்கைக் கொடுத்தார் ஆலங்குடி வங்கனார்.

ஆண்-ஆண் காதல் பிடிக்காதவள் என்று உங்களைச் சொல்கிறவர்களிடம் ஒன்று கேளுங்கள். வாட்சனின் மனம் யாரிடம் இருக்கிறது என்று மேரி கண்டுகொள்ளும் இரவை எழுதித் தரச் சொல்லுங்கள். முகவரித் தாளின் கையெழுத்தையே எடுத்துவைத்தவள், கணவனின் முகத்தைப் படிக்க எத்தனை நாள் எடுத்துக்கொள்வாள்?