கண்ணாடி மழை பெய்யும் நீலக் கோள்: எது அளந்தது, எது வரைந்தது?

எச்.டி. 189733 பி என்ற கோளின் படத்தில் நீல மேகமும் கண்ணாடி மழையும் இருக்கின்றனவே, யாராவது நேரில் பார்த்தார்களா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இல்லை. அது 64 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. தனிப் புள்ளியாகக்கூடப் படம் எடுத்ததில்லை. ஆனால் 2.2 நாளுக்கு ஒருமுறை தன் விண்மீனுக்குக் குறுக்கே போகும்போது வெளிச்சம் சுமார் 2.4 சதவீதம் குறைகிறது. அதை வைத்துப் பார்த்தால் வியாழனைவிடச் சற்றே பெரிது. விண்மீன் ஒளியை நிறங்களாகப் பிரித்தால் தெரியும் நிறமாலைக் கோடுகள் நகர்வதிலிருந்து காற்றின் வேகம் கிடைத்தது: மணிக்குச் சுமார் 8,700 கிலோமீட்டர்! (கோடு நகர்வதைப் பார்த்துத்தான் 1909இல் எங்கள் கொடைக்கானல் வானாய்வகத்தில் வானியலாளர் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளில் வாயு ஓடுவதைக் கண்டுபிடித்தார். ஊர்ப் பெருமை, பொறுத்துக்கொள்ளுங்கள்.)

நீலமும் அளந்ததுதான். கோள் விண்மீனுக்குப் பின்னால் மறைந்தபோது நீல ஒளி மட்டும் குறைந்ததை ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி பதிவு செய்தது; அதாவது கோள் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது நீல ஒளியை. முடிவு 2013இல் வெளிவந்தது.

சரி, கண்ணாடி மழை? மேகத்தில் சிலிக்கா (கண்ணாடிக்கு மூலப்பொருள்) துகள்கள் இருப்பதற்கு நிறமாலையில் அறிகுறி உண்டு; அவை மழையாக விழுகின்றன என்பது ஊகம். ஒரு துளியையும் யாரும் அளக்கவில்லை. மேகச் சுருள்களோ முழுக்க ஓவியரின் கைவண்ணம். மூடுபனி நாளில் கொடைக்கானலின் மலையோர நடைபாதையான கோக்கர்ஸ் வாக்கில் நின்று கீழே உள்ள ஊரை வரைவதுபோல: ஊர் இருப்பது நிச்சயம், எந்த வீட்டுக்கு என்ன ஓடு என்பது நாமே போட்டது.